என்ஜின் கெட்டுவிட்டதா? ஹெட்டைத் திறக்கும் முன் முடிவெடுக்காதீர்கள்

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு மே மாத மதியம், திண்டிவனத்தைத் தாண்டிச் சென்னை நோக்கி வந்துகொண்டிருந்தேன். காரின் வெப்பமானி முள் மெல்ல ஏறியது. நான் பயப்படத் தொடங்கிய நேரத்தில் அது தானாகவே இறங்கிவிட்டது. அப்பாடா என்று மேலும் நான்கு கிலோமீட்டர் ஓட்டினேன். என் பணத்தைத் தின்றது அந்த நான்கு கிலோமீட்டர்தான். முள் இறங்கியதற்குக் காரணம் என்ஜின் குளிர்ந்தது அல்ல. ரேடியேட்டரின் கீழ்க்குழாய் வெடித்து, என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் முழுவதும் சாலையில் கொட்டிவிட்டது. சென்சாரைச் சுற்றித் திரவமே இல்லாததால் அது வெறும் காற்றை அளந்துகொண்டிருந்தது.

மறுநாள் ஒரு சர்வீஸ் சென்டரில் போனட்டைத் திறந்து பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "என்ஜினையே மாற்ற வேண்டும் சார், 1,85,000 ரூபாய் ஆகும்" என்றார்கள். எங்கள் தெருமுனை மெக்கானிக் காரைப் பார்க்காமலேயே, "ஹெட் கேஸ்கெட்தான் அண்ணே, இரண்டு நாளில் முடித்துவிடலாம்" என்றார். ஒருவர் சொன்னது பெரிய தொகை, மற்றவர் சொன்னது சிறிய வேலை. இரண்டுமே ஊகம். இருவரும் ஹெட்டைக் கழற்றவில்லை. ஹெட் என்பது என்ஜினின் மேல் பாதி, அதற்கும் கீழ் பாதிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடுதான் கேஸ்கெட்.

முதல் முறையாக இந்தச் சிக்கலில் மாட்டிக்கொள்பவர்களுக்காக, நான் கற்றுக்கொண்டதை வரிசைப்படி எழுதுகிறேன். பழுது பார்ப்பதா மாற்றுவதா என்ற கேள்வி இந்த வரிசையில் கடைசியில்தான் வரும். சேதம் எதுவரை போயிருக்கிறது, எதனால் வந்தது என்ற இரண்டும் தெரியாமல் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

முதல் வேலை: சாவியைத் திருப்பாதீர்கள்

நின்றுபோன என்ஜினை "ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்ப்போம்" என்ற ஆசை எல்லோருக்கும் வரும். பாதிச் சேதம் அந்த ஆசையால்தான் முழுச் சேதமாகிறது. சிவப்பு நிற ஆயில் விளக்கு எரிந்தால் உடனே ஓரமாக நிறுத்தி அணைத்துவிடுங்கள். எண்ணெய் அழுத்தமில்லாமல் ஓடும் ஒவ்வொரு நிமிடமும், என்ஜினின் அடியில் சுழலும் தண்டான கிராங்கின் பேரிங்குகளை அரித்துவிடும். சூடேறி நின்ற காரில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், முகம் வெந்துவிடும். கொதிக்கும் என்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் கூடாது. அலுமினிய ஹெட்டும் பிளாக்கும் விரிசல் விடுவதற்கு அது எளிய வழி.

மழைநீர் கதை தனி. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் நீரில் நின்றன. நீர் மட்டும் உள்ளே புகுந்து, யாரும் ஸ்டார்ட் செய்யாமல் விட்டிருந்தால் அவற்றில் பல பிழைத்திருக்கும். காற்றை அழுத்திச் சுருக்கலாம், நீரை அப்படிச் சுருக்க முடியாது. சிலிண்டருக்குள் நீர் இருக்கும்போது ஸ்டார்ட்டரைச் சுற்றினால் பிஸ்டன் மேலே வர முயன்று முடியாமல், அதைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நீரில் நின்ற காரின் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, இழுத்துச் செல்லும் வண்டியை அழையுங்கள். பெட்ரோல் காரென்றால் ஸ்பார்க் பிளக்குகளையும், டீசல் என்றால் இன்ஜெக்டர்களையோ குளோ பிளக்குகளையோ கழற்றிவிட்டு, கிராங்கைக் கையால் சுற்றி நீரை வெளியேற்றுவது மெக்கானிக்கின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

ஸ்பேனருக்கு முன் காகிதம்

இதைப் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். நிறுவன வாரண்டி இன்னும் இருக்கிறது என்றால் வெளி மெக்கானிக் ஒரு போல்ட்டைக்கூடத் தொடக் கூடாது. காப்பீட்டில் இழப்பீடு கேட்கும் எண்ணம் இருந்தால், என்ஜினைப் பிரிப்பதற்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை காத்திருங்கள். நீரில் நின்ற காரென்றால் நீர்மட்டம் தெரியும்படி புகைப்படம் எடுத்து வையுங்கள்.

சாதாரண முழுக் காப்பீட்டில் இயந்திரக் கோளாறும் தேய்மானமும் சேராது. நீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்ததால் ராடு வளைந்தால், அது உங்கள் செயலின் பின்விளைவு என்று மறுத்துவிடுவார்கள். அதற்காகவே என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு இருக்கிறது. உங்கள் பாலிசியில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தாலும் பாகங்களுக்குத் தேய்மானம் கழிப்பார்கள். தேய்மானக் கழிவு இல்லாத பாலிசி இல்லையென்றால், 5 முதல் 10 வயதுள்ள காரின் உலோகப் பாகங்களுக்கு 40 சதவீதமும், ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதமும் உங்கள் பையிலிருந்து போகும்.

இன்னொரு எண்ணையும் நினைவில் வையுங்கள். பழுதுச் செலவு ஐ.டி.வி. எனப்படும் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், நிறுவனம் காரை முழு இழப்பாகக் கணக்கிடலாம். சில நேரம் அதுவே உங்களுக்கு லாபம்.

திறக்காமலே தெரிந்துகொள்ளக்கூடியவை

ஒரு நல்ல மெக்கானிக் ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்பே அரை நாளில் பாதி நோயைக் கண்டுபிடித்துவிடுவார். நீங்களும் பக்கத்தில் நின்று பார்க்கலாம், பார்க்க வேண்டும்.

ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பாருங்கள். எண்ணெய் பால் விட்ட காபிபோல வெளுத்திருந்தால் நீரோ கூலன்டோ கலந்திருக்கிறது. பழைய ஆயில் ஃபில்டரை வெட்டி, உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை வெள்ளைத் துணியில் விரிக்கச் சொல்லுங்கள். அதில் மினுமினுப்பான துகள்கள் இருந்தால் ஒரு காந்தத்தை அருகே கொண்டுபோங்கள். ஒட்டினால் இரும்பு, எஃகுப் பாகங்கள் தேய்கின்றன. ஒட்டாமல் செம்பு நிறத்தில் இருந்தால் பேரிங்குகள் போய்க்கொண்டிருக்கின்றன. இந்த ஒரு சோதனைக்குச் செலவே இல்லை. ஆனால் நான் கேட்கும்வரை யாரும் எனக்குச் செய்து காட்டவில்லை.

ஓடுகிற என்ஜின் என்றால் புகையைப் பாருங்கள். சூடான பிறகும் விடாமல் வரும் வெள்ளைப் புகை, அதுவும் இனிப்பு வாடையோடு வந்தால், கூலன்ட் எரிகிறது. நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. கருப்பு பெரும்பாலும் எரிபொருள், காற்று விவகாரம், அதற்காக என்ஜினை இறக்க வேண்டியதில்லை. சத்தத்திலும் வேறுபாடு உண்டு. மேலிருந்து வரும் மெல்லிய டிக் டிக் ஒலி வால்வுப் பக்கத்தது, பயம் குறைவு. கீழிருந்து, ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சுத்தியலால் அடிப்பதுபோல வரும் ஒலி கனெக்டிங் ராடு பேரிங்குடையது. அதைக் கேட்டால் என்ஜினை அணைத்துவிடுங்கள்.

பிறகு கம்ப்ரஷன் சோதனை, அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று அளப்பது. பெட்ரோல் என்ஜின்களில் பொதுவாக 150 முதல் 200 பி.எஸ்.ஐ. வரை காட்டும், டீசலில் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். மொத்த அளவைவிட சிலிண்டர்களுக்கு இடையிலுள்ள வேறுபாடுதான் முக்கியம். ஒன்று மற்றவற்றைவிட 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அங்கே கோளாறு. பெட்ரோல் என்ஜினில், குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளப்பார்கள். அளவு ஏறினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் அல்லது சிலிண்டரின் உட்சுவரான போர் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வோ கேஸ்கெட்டோதான். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒன்றாகக் குறைந்தால், இரண்டுக்கும் நடுவே கேஸ்கெட் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம். என் காரில் இரண்டாவதும் மூன்றாவதும் அப்படித்தான் இருந்தன.

ஸ்பார்க் பிளக் துளை வழியாகச் சிறு கேமராவை விட்டுப் போர்ச் சுவரைப் பார்க்கும் வசதி இப்போது சாதாரணப் பட்டறைகளிலும் வந்துவிட்டது. செங்குத்தாகக் கீறல்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள், அந்தப் படத்தை உங்கள் கைபேசிக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

மேல் பாதி, கீழ் பாதி

என்ஜினை மனத்தில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மேலே ஹெட்: வால்வுகள், அவற்றைத் திறக்கும் கேம் தண்டு, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலான கேஸ்கெட். கீழே பிளாக்: போர், பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க். சேதம் மேல் பாதியோடு நின்றிருந்தால் கிட்டத்தட்ட எப்போதும் பழுது பார்ப்பதே சரி. கீழே இறங்கிவிட்டால்தான் உண்மையான யோசனை தொடங்குகிறது.

சூடேறிய என்ஜினில் முதலில் கோணுவது அலுமினிய ஹெட். அதைக் கழற்றி, நேர்ப்பட்டையை வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்து அளப்பார்கள். பல என்ஜின்களுக்கு 0.05 மில்லிமீட்டருக்கு மேல் கோணல் இருக்கக் கூடாது. ஒரு தலைமுடியின் தடிமன் அளவுகூட இல்லை. கோணலை லேத் பட்டறையில் சமன் செய்யலாம், ஆனால் எவ்வளவு சீவலாம் என்பதற்கு நிறுவனம் எல்லை வைத்திருக்கும். சில டீசல் ஹெட்டுகளைச் சீவவே அனுமதி இல்லை. சீவுவதற்கு முன் ஹெட்டை அழுத்தச் சோதனைக்கு உட்படுத்தி விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். விரிசல் விட்ட ஹெட்டைச் சீவிப் பொருத்தினால் அடுத்த மாதமே அதே இடத்துக்கு வந்து நிற்பீர்கள். பிளாக்கின் மேல்முகத்தையும் அதே பட்டையை வைத்து அளக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கிராங்கையும் கேம் தண்டையும் இணைக்கும் டைமிங் பெல்ட் அறுந்த கார்களில் பெரும்பாலும் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்திருக்கும். கேட்கும்போது பயங்கரமாக இருந்தாலும், பிஸ்டன் தலையில் வெறும் தழும்பு மட்டும் என்றால் வால்வுகளையும் கைடுகளையும் மாற்றி ஹெட்டைச் சீர்செய்தாலே போதும்.

இனி கீழ் பாதி. போர் தேய்ந்திருந்தால் பழைய வழி, போரைப் பெரிதாக்கி 0.25 அல்லது 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது. உங்கள் என்ஜினுக்கு ஓவர்சைஸ் பிஸ்டன் விற்கிறார்களா என்று முதலில் கேளுங்கள், எல்லாப் புதிய என்ஜின்களுக்கும் கிடைப்பதில்லை. போர்ச் சுவரில் வார்ப்பிரும்பு லைனருக்குப் பதிலாக மெல்லிய பூச்சு மட்டும் உள்ள என்ஜினை வழக்கமான முறையில் கடைய முடியாது. கிராங்கும் அப்படியே. சிலவற்றைக் கடைந்து தடிமன் கூடிய பேரிங் போடலாம், சிலவற்றை மாற்றத்தான் வேண்டும்.

நீர் புகுந்த என்ஜினில் இன்னும் ஒரு சோதனை உண்டு. ஒவ்வொரு பிஸ்டனையும் உச்சிக்குக் கொண்டுவந்து, பிளாக் முகத்திலிருந்து அதன் உயரத்தை அளக்க வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதன் ராடு வளைந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத வளைவாக இருந்தாலும் விடாதீர்கள். அது சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டு ஒருநாள் உடைந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். பிளாக்கில் ஓட்டை விழுந்துவிட்டால் பேச்சே இல்லை, மாற்றுவதுதான்.

கணக்குப் போடும் நேரம்

பலர் பழுதுச் செலவைக் காரின் சந்தை விலையோடு ஒப்பிடுகிறார்கள். அது தவறான ஒப்பீடு. உங்கள் கார் இப்போது ஓடாமல் நிற்கும் நிலையில் எவ்வளவுக்குப் போகும் என்றும் கேட்டு வையுங்கள். ஓடும் காரின் விலையிலிருந்து ஓடாத காரின் விலையைக் கழியுங்கள். என்ஜினைச் சரிசெய்வதால் உங்களுக்குக் கிடைக்கும் மதிப்பு அந்த வித்தியாசம்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. ஓடினால் 2,60,000 ரூபாய் பெறும் கார், நிற்கும் நிலையில் 80,000-க்குக் கேட்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 1,80,000. ஹெட் வேலை 50,000 என்றால் யோசிக்க வேண்டியதில்லை. கீழ் பாதியும் சேர்த்து 1,00,000 என்றாலும் செய்யலாம். புதிய என்ஜின் 2,00,000 என்றால் நிற்கும் நிலையிலேயே விற்றுவிடுவது நல்லது. மூன்றாவதாக இப்படியொரு வழி இருப்பதை எந்தப் பட்டறையும் உங்களுக்கு நினைவூட்டாது.

ஆனால் கணக்கோடு விஷயம் முடிவதில்லை. காரின் மற்ற உடல்நிலையையும் பாருங்கள். தரைத்தகட்டில் துரு, தேய்ந்த சஸ்பென்ஷன், தள்ளாடும் கியர்பாக்ஸ் என்று வரிசை இருந்தால், புதிய என்ஜின் பழைய வீட்டுக்குப் போட்ட தேக்குக் கதவாகிவிடும். 15 வயதை நெருங்கும் கார் என்றால் பதிவைப் புதுப்பிக்கும் செலவும் பசுமை வரியும் காத்திருக்கின்றன. மறுபக்கம், பராமரிப்பு வரலாறு முழுவதும் தெரிந்த உங்கள் காரை விட்டுவிட்டு, அதே விலைக்கு யாரோ ஒருவரின் வரலாறு தெரியாத காரை வாங்குவதிலும் ஆபத்து உண்டு. இந்த இடத்தில் நான் கொஞ்சம் பழைமைவாதி: உடல் நன்றாக இருக்கும் காருக்குச் செலவு செய்யலாம் என்பதே என் கட்சி.

உதிரிபாகம் கிடைக்குமா என்பதும் இங்கேயே முடிவாக வேண்டும். மாருதி, டாடா, ஃபியட் கார்களில் பல ஆண்டுகள் ஓடிய 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் என்ஜினுக்குச் சிறிய ஊரிலும் பாகமும் கைப்பழக்கமுள்ள ஆட்களும் கிடைப்பார்கள். 2017-இல் இந்திய விற்பனையை நிறுத்திய ஷெவர்லே, 2021-இல் இந்தியாவில் கார் உற்பத்தியை முடித்துக்கொள்வதாக அறிவித்த ஃபோர்டு போன்றவற்றின் கார்களுக்கு, எந்தப் பாகம் கையில் கிடைக்கும் என்று உறுதி செய்துகொண்டு ஹெட்டில் கை வையுங்கள்.

மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள்: பாகங்கள், லேத் வேலை, கூலி மூன்றும் தனித்தனியாக, ஜிஎஸ்டி சேர்த்து. "பிரித்த பிறகு கூடுதலாக ஏதாவது தெரிந்தால் கேட்காமல் செய்ய மாட்டோம்" என்ற ஒரு வரியையும் எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகங்களை உங்களிடம் கொடுக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கே மதிப்பீட்டில் சில வரிகள் காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

மாற்றுவதென்று முடிவானால்

"என்ஜின்" என்று சொல்லி விற்பதில் பல வகை உண்டு. ஷார்ட் பிளாக் என்றால் கீழ் பாதி மட்டும், உங்கள் பழைய ஹெட்டை அதன்மேல் பொருத்துவார்கள். லாங் பிளாக்கில் ஹெட்டும் சேர்ந்து வரும். டர்போ, இன்ஜெக்டர், ஆல்டர்னேட்டர், ஏ.சி. கம்ப்ரசர் எதெல்லாம் விலையில் சேர்த்தி என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். டீசலில் இன்ஜெக்டரும் டர்போவும் சேராத விலை பாதி விலைதான்.

பழைய என்ஜின் என்றால் சென்னைக்காரர்களுக்குப் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டை நினைவுக்கு வரும். அங்கே நல்ல பொருளும் இருக்கிறது, நல்ல வண்ணம் பூசிய பொருளும் இருக்கிறது. தெரிந்த மெக்கானிக்கோடு போங்கள். கம்ப்ரஷன் அளந்து காட்டச் சொல்லுங்கள், ஆயில் மூடியைத் திறந்து உள்ளே கருங்கசடு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய புகை விதியான பி.எஸ்.4-க்கு ஏற்ற காருக்கு, புதிய விதியான பி.எஸ்.6-க்கு ஏற்ற என்ஜின் பொருந்தாது, வயரிங்கும் கட்டுப்பாட்டுக் கணினியும் வேறு. எந்தக் காரிலிருந்து இறக்கியது என்பதற்கான ஆவணமும் ரசீதும் இல்லாத என்ஜினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். திருட்டுக் காரின் எண் உங்கள் போனட்டுக்குள் இருப்பது பெரிய தலைவலி.

எண் என்றதும் இன்னொன்று. என்ஜின் எண் பிளாக்கில்தான் பொறிக்கப்பட்டிருக்கும் என்பதால் ஷார்ட் பிளாக் மாற்றினாலும் எண் மாறும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி என்ஜின் மாற்றத்தை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்து, காரின் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் பதிய வேண்டும். முன் அனுமதி வாங்காமல் மாற்றியிருந்தால் 14 நாட்களுக்குள் தெரிவித்தாக வேண்டும். புதிய எண்ணைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும், கார்க்கடன் இருந்தால் வங்கிக்கும் சொல்லுங்கள்.

பொருத்தும் நாளும் அதன் பிறகும்

என்ஜின் கீழே இறங்கியிருக்கும்போது கிளட்ச் பிளேட், கிராங்கின் பின்பக்க ஆயில் சீல், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். தனியாகச் செய்தால் இவற்றில் பலவற்றுக்குக் கூலியே பாகத்தின் விலையைத் தாண்டும். பல என்ஜின்களின் ஹெட் போல்ட்டுகள் ஒருமுறை முறுக்கினால் நீண்டுவிடுபவை, பழையதையே மறுபடி போட விடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேல், முதலில் கெடுத்த காரணத்தைச் சரிசெய்தார்களா என்று கேளுங்கள். அடைபட்ட ரேடியேட்டரை அப்படியே விட்டுவிட்டுப் புதிய என்ஜின் போடுவது, ஓட்டைக் கூரையின் கீழ் புதுப் பாய் விரிப்பது.

என் காரில் ஹெட் 0.12 மி.மீ. கோணியிருந்தது, போர் சுத்தமாக இருந்தது. ஹெட்டைச் சீவி, கேஸ்கெட், போல்ட்டுகள், எல்லா ரப்பர் குழாய்கள், தெர்மோஸ்டாட் மாற்றி மொத்தம் 41,600 ரூபாய் ஆனது. தெருமுனை மெக்கானிக் சொன்ன இரண்டு நாள் ஒன்பது நாளானது, அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

போரும் ரிங்கும் வேலை பார்த்த என்ஜின் என்றால் முதல் 1,000 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள். ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டுவதையும், முழுச் சுமையோடு மலையேறுவதையும் தவிருங்கள். தினமும் காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, ஆயிலையும் கூலன்டையும் பாருங்கள். கூலன்ட் தொடர்ந்து குறைந்தால் காத்திருக்காமல் பட்டறைக்குப் போங்கள். 1,000 கிலோமீட்டரில் எண்ணெயை மாற்றும்போது பழைய ஃபில்டரை மறுபடி வெட்டி, அதே வெள்ளைத் துணியில் விரித்துப் பாருங்கள். என்னுடையதில் ஒன்றும் இல்லை. அந்தக் கீழ்க்குழாயை மட்டும் இப்போதும் மாதம் ஒருமுறை விரலால் அழுத்திப் பார்க்கிறேன்.